வாட்டர்லூவின் கண்ணாடிக் கூரை

வணக்கம் நேயர்களே. ரயில் நிலையத்துக்குள் நுழைந்ததும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு எந்தப் பக்கம் போவது என்று நாம் திணறுகிறோமே, அந்தத் திணறல் வரக் கூடாது, கட்டடமே வழிகாட்ட வேண்டும். இது என் நெடுநாள் பிடிவாதம். அதனால்தான் கிரிம்ஷா என்ற கட்டட வடிவமைப்பு நிறுவனத்தைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன்.

நிக்கோலஸ் கிரிம்ஷா 1980இல் லண்டனில் தொடங்கிய நிறுவனம் இது. இவர்களுடைய பாணியை ஹை-டெக் என்பார்கள். இரும்புச் சட்டம், போல்ட் எதையும் பூசி மறைக்க மாட்டார்கள். கட்டடம் எப்படி நிற்கிறது என்பது பார்த்தாலே புரியும்.

லண்டனின் வாட்டர்லூ ரயில் நிலையத்தையே பாருங்கள். கடலடிச் சுரங்கம் வழியே பாரிஸ் போகும் யூரோஸ்டார் ரயிலுக்காக அங்கே ஒரு முனையம் கட்டி, 1993இல் முடித்தார்கள். கூரைக்குப் பொறியாளர் ஆன்டனி ஹன்ட். ரயிலோ மிக நீளம், இடமோ நெருக்கடி. 400 மீட்டர் நீளக் கூரை வளைந்துகொண்டே போகிறது, ஒடுங்கிக்கொண்டும் போகிறது. ஒரு முனையில் அகலம் ஏறத்தாழ 50 மீட்டர், மறுமுனையில் 35. மேற்கே தண்டவாளம் எல்லையை ஒட்டி ஓடுவதால், கூரை அந்தப் பக்கம் செங்குத்தாக எழும்பி, கிழக்கே நிதானமாக இறங்குகிறது. மேற்குப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. கீழ்த்தளத்திலிருந்து ஏறி வருபவருக்கு வெளிச்சமும் ரயிலும் வெளியே லண்டனும் சேர்ந்தே தெரியும். அப்புறம் யாரிடம் வழி கேட்க?

சரி, வளைந்து ஒடுங்கும் கூரைக்குக் கண்ணாடி எப்படிப் பொருத்துவது? அளவெடுத்து வெட்டினால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அளவு, செலவு எங்கேயோ போய்விடும். அவர்கள் வெட்டவில்லை. சில நிலையான அளவுகளில் செய்து, நம் ஓட்டு வீட்டில் ஓடு வேய்வதுபோல ஒன்றின்மேல் ஒன்று ஏறும்படி வைத்தார்கள். பக்கவாட்டு இடைவெளியில் விரிந்து சுருங்கும் மடிப்பு ரப்பர். கனமான ரயில் வந்து நிற்கும்போதும் வெயிலில் இரும்பு விரியும்போதும் கூரை சற்று அசையும். அசையட்டும் என்றே இடம் விட்டிருக்கிறார்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது.

2007இல் யூரோஸ்டார் லண்டனின் இன்னொரு நிலையமான செயின்ட் பான்க்ராஸுக்கு மாறியது. அந்த நடைமேடைகள் பல ஆண்டுகள் சும்மா கிடந்தன. எனக்குப் பெரிய வருத்தம் அது. இப்போது அங்கே உள்ளூர் ரயில்கள் வருகின்றன.

நேரம் நெருங்கிவிட்டது. மெல்போர்னில் இவர்கள் வடிவமைத்த சதர்ன் கிராஸ் நிலையத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அங்கே கூரை அலை அலையாக எழுவது அழகுக்காக மட்டுமல்ல, டீசல் புகை மேலேறி வெளியே போவதற்காக. லண்டனில் 2022இல் திறந்த எலிசபெத் ரயில் பாதையிலும் இவர்கள் பங்கு உண்டு. கட்டடக்கலைக்கான ஸ்டர்லிங் பரிசை 2024இல் பெற்றது அது. சுரங்க நடைவழிகளில் மூலைகளையெல்லாம் வளைத்துவிட்டார்கள். எதிரே வருபவர் முன்கூட்டியே கண்ணில் படுவார், முட்டிக்கொள்ள வேண்டியதில்லை. வணக்கம்.