அனுபவம் இருக்கிறது, அத்தாட்சி எங்கே?

(பட்டர்வொர்த்தில் எஸ்.பி.எம். எனும் மலேசிய இடைநிலைப் பள்ளி இறுதித் தேர்வை முடித்தவர்களுக்கும் பெற்றோருக்கும் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

பெரியோர்களே, தாய்மார்களே, தம்பி தங்கைகளே, வணக்கம்.

பினாங்குத் தீவில் பாயான் லெப்பாஸ் தடையற்ற வாணிப வட்டாரம் 1972-இல் தொடங்கியது. இன்று நம் பக்கமும் பிறை, புக்கிட் மின்யாக், பத்து காவான் என்று தொழிற்சாலைகளாகவே இருக்கின்றன. ஆனாலும் விளம்பரத்தில் 'ஈராண்டு அனுபவம் தேவை' என்ற வரியைப் பார்த்ததும் நம் பிள்ளைகள் விண்ணப்பத்தை மூடிவிடுகிறார்கள். வேலையே தராமல் அனுபவத்துக்கு எங்கே போவது என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அவர்களில் பலர் ஏற்கெனவே வேலை பார்த்தவர்கள். மளிகைக் கடையில் ஸ்டாக் எடுத்திருப்பார்கள், கைப்பேசி பழுது பார்த்திருப்பார்கள், அப்பாவோடு லோரியில் போயிருப்பார்கள். அதில் ஒன்றுகூடக் காகிதத்தில் இல்லை. இன்று நான் பேச வந்தது அந்தக் காகிதத்தைப் பற்றித்தான்.

முதலாளி அனுபவம் கேட்பதற்குக் காரணம் உண்டு. புதியவர் வேலைக்குப் பழகும் வரை அவர் சம்பளத்தோடு, கற்றுக்கொடுப்பவரின் நேரமும் செலவாகிறது. பழகிய பிறகு நின்றுவிட்டால் மொத்தமும் நட்டம். இவர் நைட் ஷிப்டுக்கு ஒழுங்காக வருவாரா, தப்பு நடந்தால் மறைக்காமல் சொல்வாரா என்பதுதான் அவருடைய கவலை. 'ஈராண்டு' என்பது அதற்கு அவர் வைத்திருக்கும் குத்துமதிப்பான அளவுகோல். நம்பலாம் என்பதை வேறு வழியில் காட்டினால் பல இடங்களில் அந்த ஈராண்டு தளரும்.

முதல் அத்தாட்சி இபிஎஃப், அதாவது ஊழியர் சேமநிதி. 'கையில் ரொக்கமாகத் தருகிறேன், பிடித்தம் கிடையாது' என்று ஒரு கடைக்காரர் சொன்னால் இனிப்பாகத்தான் இருக்கும். கணக்குப் போடுங்கள். 2025-இல் வந்த குறைந்தபட்சச் சம்பளம் 1,700 ரிங்கிட். உங்களிடம் பிடிப்பது 11 விழுக்காடு, அதாவது 187 ரிங்கிட். முதலாளி தன் பங்குக்கு 13 விழுக்காடு, 221 ரிங்கிட் கட்ட வேண்டும். ரொக்கத்துக்குச் சம்மதித்தால் ஓராண்டில் 2,652 ரிங்கிட் முதலாளி பணம் போயிற்று. அதைவிடப் பெரிய இழப்பு, அந்த ஓராண்டு நீங்கள் வேலை செய்ததற்கே தடயம் இல்லாமல் போவது. அடுத்த முதலாளி கேட்பது சம்பளச் சீட்டும் இபிஎஃப் அறிக்கையும். பகுதிநேர வேலைக்கும் இபிஎஃப் உண்டு. ஒவ்வொரு மாதச் சந்தாவும் அடுத்த மாதம் 15-ஆம் தேதிக்குள் ஏற வேண்டும். ஏறியதா என்று கைப்பேசியிலேயே பாருங்கள்.

அடுத்து, சுயவிவரம். 'மெஷின் ஆபரேட்டர், 1 ஆண்டு' என்று எழுதினால் படிப்பவருக்கு ஒன்றும் தெரியாது. சில்லில் மெல்லிய கம்பி இணைக்கும் வயர் பாண்டிங் பிரிவில் இருந்தீர்களா? ஒரு ஷிப்டில் எத்தனை மெஷின் பார்த்தீர்கள், கம்பிச் சுருளை நீங்களே மாற்றினீர்களா, கம்பி இணைப்பின் பலத்தை இழுத்துப் பார்க்கும் இழுவைச் சோதனையின் அளவுகளைக் குறித்தது யார், அளவு எல்லை தாண்டியபோது லைனை நிறுத்தச் சொன்னது யார்? இவற்றை எழுதுங்கள். அதே ஓராண்டு டெக்னீஷியன் வேலைக்கான தகுதியாக மாறும். ஏஜென்சி வழியாகப் போனவர்கள் ஏஜென்சி பெயரை மட்டும் போட்டுவிடுகிறார்கள். எந்தத் தொழிற்சாலையில், எந்தப் பிரிவில் நின்றீர்கள் என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

பட்டறையில் பல காலம் கைவேலை பழகியும் சான்றிதழ் இல்லாதவர்களுக்கு 'பிபிடி', அதாவது முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் வழி இருக்கிறது. வகுப்புக்குப் போகத் தேவையில்லை. செய்த வேலைகளின் ஆதாரங்களைத் தேசியத் தொழில் தரத்தோடு பொருத்திக் கோப்பாக்கிக் கொடுத்தால், மதிப்பீடு செய்து எஸ்கேஎம் எனும் மலேசியத் திறன் சான்றிதழ் தருவார்கள். படம், வேலைத்தாள், முதலாளியின் கடிதம் எல்லாம் வேண்டும். கோப்பு நின்றுபோவது பெரும்பாலும் இங்கேதான்: பழைய முதலாளியிடம் சண்டை போட்டுவிட்டு வந்திருப்போம், கடிதம் கேட்க முகம் இருக்காது.

அதனால்தான் விலகும் விதமும் முக்கியம். எதிர்க் கம்பெனியில் 50 ரிங்கிட் கூடுதல் என்று சொல்லாமல் கொள்ளாமல் ஓடாதீர்கள். ஒப்பந்தத்தில் நோட்டீஸ் காலம் சொல்லியிருந்தால் அது. சொல்லாவிட்டால், ஈராண்டுக்குக் குறைவான சேவைக்குச் சட்டப்படி 4 வாரம். ஓராண்டில் மூன்று கம்பெனி மாறியவரிடம் இருப்பது ஓராண்டு அனுபவமல்ல, நான்கு மாத அனுபவம் மூன்று தடவை.

கடைசியாகச் சம்பளம். அனுபவம் குறைவு என்ற கூச்சத்தில் எதையும் கேட்காமல் கையெழுத்துப் போடுகிறோம். விளம்பரத்தில் '2,800 வரை' என்றிருந்தால் அடிப்படைச் சம்பளம் எவ்வளவு என்று கேளுங்கள். 1,700 என்றால், 26-ஆல் வகுத்து, மறுபடி 8-ஆல் வகுத்து, ஒன்றரையால் பெருக்குங்கள்: சாதாரண நாளில் ஓவர்டைம் மணிக்கு ஏறக்குறைய 12 ரிங்கிட் 26 சென். அலவன்ஸ் எதுவும் இல்லையென்றால் அந்த 2,800-ஐத் தொட மாதம் கிட்டத்தட்ட 90 மணி நேரம் ஓவர்டைம் நிற்க வேண்டும். சட்டம் விடும் உச்ச அளவே 104 மணி நேரம். ஓவர்டைம் பணத்துக்கு இபிஎஃப் கட்டாயமில்லை என்பதையும் அந்தக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.