பத்து ஷெக்கல் அபராதம்

வணக்கம். பொருளாதாரக் கொள்கை, சமூகம், சுற்றுச்சூழல் என்று மூன்று பெரிய சொற்களை அழைப்பிதழில் அச்சடித்துவிட்டார்கள். மூன்றையும் ஒரே மாலையில் கட்டி மேய்க்க என்னால் ஆகாது. அதனால் ஒரு குழந்தைகள் காப்பகத்தின் வாசலில் தொடங்குகிறேன். அங்கிருந்து எவ்வளவு தூரம் போக முடிகிறதோ போவோம்.

இஸ்ரேலில் ஹைஃபா என்று ஒரு துறைமுக நகரம். 1998-இல் அங்கே 10 காப்பகங்களை யூரி க்னீஸி, ஆல்டோ ருஸ்டிகினி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 20 வாரம் கவனித்தார்கள். மாலை நான்கு மணிக்குக் குழந்தையைக் கூட்டிப் போக வேண்டும். சிலர் தாமதமாக வருவார்கள். அதுவரை ஆசிரியை ஒருவர் குழந்தையோடு உட்கார்ந்திருக்க வேண்டும். முதல் நான்கு வாரம் ஆய்வாளர்கள் யார் எப்போது வருகிறார்கள் என்று எண்ணிக்கொண்டு மட்டும் இருந்தார்கள். ஐந்தாவது வாரம் ஆறு காப்பகங்களில் ஓர் அறிவிப்பு: பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் பத்து ஷெக்கல் (அந்த நாட்டுப் பணம்) அபராதம்.

தாமதம் குறைந்திருக்க வேண்டும்தானே? கூடியது. கூடிக்கூடி ஏறக்குறைய இரண்டு மடங்காகி அங்கேயே நின்றது.

முந்தைய வாரங்களில் தாமதமாக வருகிற ஒரு தகப்பனை நினைத்துப் பாருங்கள். மூச்சிரைக்க ஓடி வருகிறார். ஆசிரியையின் முகத்தைப் பார்க்கக் கூசுகிறது. நாளை எப்படியும் நேரத்துக்கு வந்துவிட வேண்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொள்கிறார். அபராதம் வந்த பிறகு? கூடுதல் நேரத்துக்குக் காசு கொடுத்தாயிற்று, அவ்வளவுதான். பதினேழாவது வாரம் அபராதத்தை எடுத்துவிட்டார்கள். தாமதம் அப்போதும் குறையவில்லை. போன கூச்சம் போனதுதான்.

அபராதம் ஆயிரம் ஷெக்கலாக இருந்திருந்தால் எல்லாரும் மூன்றரைக்கே வந்து நின்றிருப்பார்கள் என்று சிலர் வாதிடுவார்கள். நியாயமான வாதம். ஆனால் ஆயிரம் ஷெக்கல் பேசுவது வேறு பேச்சு, பத்து ஷெக்கல் பேசுவது வேறு பேச்சு. ஒரு கொள்கை கையில் காசை மட்டும் மாற்றுவதில்லை, காதில் எதையோ சொல்லவும் செய்கிறது. அது என்ன சொன்னது, எந்தக் காதில் எப்படி விழுந்தது என்று போய்ப் பார்ப்பதைத்தான் நான் சமூக அறிவியல் ஆய்வு என்று நினைக்கிறேன். என் துறை நண்பர்களில் பாதிப் பேர் இதற்கு ஒப்புக்கொள்ள மாட்டார்கள். போகட்டும்.

காப்பகத்துக்கும் சுற்றுச்சூழலுக்கும் என்ன சம்பந்தம்? கேம்பிரிட்ஜ் பொருளாதார அறிஞர் ஆர்தர் பிகூ 1920-இல் எழுதிவைத்த யோசனையில்தான் இன்றைய கார்பன் வரி நிற்கிறது. ஆலைக்காரர் விடுகிற புகை அடுத்தவர் மூச்சில் போகிறது. அந்தச் செலவு ஆலைக்காரரின் கணக்கில் ஏறுவதில்லை. அதை வரியாக ஏற்றிவிட்டால் அவரே புகையைக் குறைப்பார். அழகான யோசனை, பல இடங்களில் வேலை செய்கிற யோசனையும்கூட. பின்லாந்து 1990-இலும் சுவீடன் 1991-இலும் கார்பன் வரி போட்டன. இன்றும் அது இருக்கிறது.

பிரான்சுக்கு வாருங்கள். 2018-இல் அங்கே ஒரு டன் கார்பன் டை ஆக்சைடுக்கு வரி 44.60 யூரோ. முந்தைய ஆண்டைவிடச் சுமார் 14 யூரோ அதிகம். 2019 ஜனவரியில் இன்னும் ஏறுவதாக இருந்தது. காகிதத்தில் எந்தக் குறையும் இல்லை. ஆனால் அந்த வரி பெட்ரோல், டீசல் விலையில் கலந்து வந்தது. பெருநகரத்தின் நடுவில் இருப்பவருக்கு மெட்ரோ ரயில் இருக்கிறது. ஊருக்கு வெளியே, வாடகை குறைவான இடத்தில் குடியிருந்து தினமும் நாற்பது கிலோமீட்டர் கார் ஓட்டி வேலைக்குப் போகிறவர் என்ன செய்வார்? அதே 2018 ஜனவரியில்தான் பெரும் பணக்காரர்களின் மொத்தச் சொத்து மீது இருந்த வரியை அரசு சுருக்கி, மனை, வீடு போன்ற அசையாச் சொத்துக்கு மட்டும் என்று ஆக்கியது. இரண்டு முடிவுகளும் அரசின் வேறு வேறு கோப்புகளில் இருந்திருக்கும். சாலையில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே வாக்கியமாகக் கேட்டது.

நவம்பர் 17 அன்று, அரசுக் கணக்கின்படியே, 2,80,000-க்கும் மேற்பட்டவர்கள் தெருவுக்கு வந்தார்கள். மேலே மஞ்சள் சட்டை. நடுவழியில் வண்டி நின்றால் போட்டுக்கொள்ள ஒவ்வொரு காரிலும் அதை வைத்திருக்க வேண்டும் என்பது அந்த நாட்டுச் சட்டம். போராட்டச் சீருடையை அரசே முன்கூட்டி வீட்டுக்கு வீடு கொடுத்துவைத்த மாதிரி ஆகிவிட்டது! டிசம்பரில் வரி உயர்வைக் கைவிட்டார்கள்.

எனக்கு இதில் பிடித்த பகுதி அதற்குப் பிறகு நடந்ததுதான். தோமா துவென், அத்ரியான் ஃபாப்ர் என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் 2019 தொடக்கத்தில் சுமார் 3,000 பேரிடம் ஒரு திட்டத்தைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். வரியை ஏற்றுவோம், வருகிற பணத்தை வயதுவந்த எல்லாருக்கும் சமமாகப் பிரித்துக் கொடுத்துவிடுவோம். கணக்குப் போட்டால் பெரும்பாலான குடும்பங்களுக்கு லாபம்தான். ஆனால் பதில் சொன்னவர்களில் பெரும்பாலோர் தங்களுக்கு நஷ்டம் என்றே நினைத்தார்கள். சரி, விவரம் தெரியாததுதான் காரணம் என்று எடுத்துக்கொள்வோமா? அதுவும் முடியாது. “நீங்கள் சொன்ன விவரங்களை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு லாபம்” என்று காட்டிய பிறகும் பலர் நம்பவில்லை. இதைப் படித்துவிட்டு மக்களுக்குக் கணக்கு வராது என்று சொல்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. கொடுப்பவர் மேல் நம்பிக்கை இல்லாதபோது கொடுக்கிறேன் என்ற வாக்குறுதிக்கு ஒருவர் என்ன மதிப்புப் போடுவார்? கணக்குத் தெரிந்தவரும் குறைவாகத்தான் போடுவார்.

திருப்பிக் கொடுத்துப் பார்த்த இடமும் உண்டு. கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணம் 2008 ஜூலையில் கார்பன் வரியை டன்னுக்கு 10 டாலர் என்று தொடங்கி, 2012-க்குள் 30 டாலர் வரை ஏற்றியது. அந்த ஆண்டுகளில் வந்த பணத்தை வருமான வரிக் குறைப்பாகவும் ஏழைகளுக்கான உதவியாகவும் திருப்பிக் கொடுத்தது. பொருளாதார மாநாடுகளில் வருடக்கணக்கில் இதைத்தான் முன்மாதிரி என்று காட்டிக்கொண்டிருந்தோம், நானும்தான். 2025 ஏப்ரலில் நுகர்வோர் மீதான அந்த வரியை மாகாணமே எடுத்துவிட்டது.

ஸ்டாக்ஹோம் கதை கொஞ்சம் ஆறுதலானது. நகருக்குள் நுழையும் வண்டிகளுக்குக் கட்டணம் என்றதும் பெரும்பாலோர் எதிர்த்தார்கள். நகராட்சி 2006 ஜனவரி முதல் ஜூலை வரை ஏழு மாதம் சோதனையாகப் போட்டுக் காட்டியது. நகர எல்லையைக் கடக்கும் வண்டிகள் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஆகஸ்டில் கட்டணத்தை நிறுத்தியதும் நெரிசல் திரும்பி வந்தது. செப்டம்பர் வாக்கெடுப்பில் நகரவாசிகளில் பாதிக்கு மேற்பட்டோர் கட்டணம் வேண்டும் என்றார்கள். (வாக்கெடுப்பு நடத்திய சுற்றுப்புற ஊர்களில் வேண்டாம் என்பதே பெரும்பான்மை, அதையும் சொல்லிவிட வேண்டும்.) பின்னாளில் ஆய்வாளர்கள் கேட்டபோது பலர் தாங்கள் மனம் மாறியதையே ஒப்புக்கொள்ளவில்லை. நாங்கள் எப்போதுமே ஆதரவுதான் என்றார்கள்.

பொதுச் சொத்து என்றாலே அழிந்துபோகும் என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதினார். எல்லாரும் ஆளுக்கொரு மாடு கூடுதலாக விடுவார்கள், மேய்ச்சல் நிலம் மொட்டையாகும் என்றார். அப்படி அழியத்தான் வேண்டும் என்றில்லை என்று காட்டியவர் அரசியல் அறிவியலாளர் எலினோர் ஆஸ்ட்ரோம். அவர் எடுத்துக்காட்டிய ஊர்களில் ஒன்று சுவிட்சர்லாந்தின் டோர்பெல். மானிடவியலாளர் ராபர்ட் நெட்டிங் அங்கே தங்கி ஆராய்ந்த ஊர். 1517-இல் எழுதப்பட்ட விதி ஒன்று அங்கே இருக்கிறது: குளிர்காலத்தில் எத்தனை மாடுகளை உன்னால் தீனி போட்டுக் காப்பாற்ற முடியுமோ அத்தனை மாடுகளைத்தான் கோடையில் மலை மேய்ச்சலுக்கு விடலாம். அதிகாரி வந்து அளக்கத் தேவையில்லை. பக்கத்து வீட்டுக்காரரின் தொழுவத்தில் எத்தனை மாடு குளிர்காலத்தைத் தாண்டியது என்று ஊருக்கே தெரியும். 2009-இல் ஆஸ்ட்ரோமுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கடைசியாக, ஆய்வாளர்களுக்கே காது கேட்காமல் போன இடம். கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக் கரையில் ஐந்நூறு வருடமாக காட் மீன் பிடித்தார்கள். 1968-இல் அங்கே அந்த மீனின் பிடிப்பு 8,00,000 டன்னைத் தாண்டியது. கடலில் எவ்வளவு மீன் மிச்சம் என்று கணிக்க, அரசின் விஞ்ஞானிகள் பெரிய இழுவைக் கப்பல்களின் பிடிப்பு விகிதத்தை, அதாவது இவ்வளவு நேரம் வலை இழுத்தால் இவ்வளவு மீன் என்ற கணக்கை, பெரிதும் நம்பினார்கள். மீன் குறையக் குறைய மிச்சமிருப்பவை ஓரிடத்தில் கூட்டமாகச் சேர்ந்துவிடும். கருவிகளை வைத்துக்கொண்டு கப்பல்கள் அந்தக் கூட்டத்தைத் தேடிப் பிடிக்கும். ஆகவே விகிதம் இறங்கவே இல்லை. கரையோரத்தில் சிறு படகு வைத்திருந்தவர்களோ மீன் சிறுத்துவிட்டது, வலை காலியாக வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். 1980-களின் கடைசியில் நீதிமன்றம் வரை போனார்கள். அவர்கள் சொன்னது அட்டவணையில் ஏறுகிற மாதிரி எண்ணாக இல்லை.

1992 ஜூலை 2 அன்று மீன்வளத்துறை அமைச்சர் ஜான் கிராஸ்பி தடையை அறிவித்தார். முந்தின நாள் கொதித்துப்போய் நின்ற கூட்டத்திடம், கடலிலிருந்து மீனை நான் எடுக்கவில்லை என்று கத்தியிருந்தார். 30,000-க்கும் மேற்பட்டவர்களுக்கு வேலை போயிற்று. இரண்டு வருடத் தடை என்றுதான் சொன்னார்கள். 2024-இல்தான் எடுத்தார்கள். முதல் ஆண்டுக்கு அனுமதித்த அளவு 18,000 டன். தடை வந்தபோது இருபது வயதில் படகை விட்டு இறங்கியவருக்கு அப்போது ஐம்பத்திரண்டு.

நேரமாகிவிட்டது. உங்கள் கேள்விகளைக் கேட்கலாம்.