லத்தீனில் பேசச் சொன்னார்கள்

நடுவர் அவர்களே, இரு அணித் தோழர்களே, இந்நேரம் வரை எழுந்து போகாத ஊர் மக்களே, வணக்கம். ஆண், பெண், யாரை விரும்புவது என்பதில் எது ‘இயல்பு’ என்று கேள்வி கேட்கும் சிந்தனைதான் குயர் கோட்பாடு. அதைப் பெற்றெடுத்தது வகுப்பறையா, வீதியா? வீதிதான் என்று சொல்ல வந்திருக்கிறேன்.

முதலில் ஒரு கதை. 1867, ஆகஸ்ட் 29. ஜெர்மனியின் மியூனிக் நகரம். ஐந்நூறுக்கும் மேற்பட்ட சட்ட அறிஞர்கள் கூடியிருக்கிறார்கள். கார்ல் ஹைன்ரிஷ் உல்ரிக்ஸ் என்ற வழக்கறிஞர் மேடையை நோக்கி நடக்கிறார். ஆணை விரும்பும் ஆண் அவர். நெஞ்சு அடித்துக்கொள்கிறது. ‘இன்னும் நேரமிருக்கிறது, பேசவில்லை என்று சொல்லிவிடு, படபடப்பு நின்றுவிடும்’ என்று உள்ளுக்குள் ஒரு குரல் சொன்னதாக அவரே பிறகு எழுதியிருக்கிறார். மேடை ஏறிய எல்லோருக்கும் அந்தப் படபடப்பு தெரியும். ஆனால் நமக்கு முன்னால் கைதட்டக் காத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். அவருக்கு முன்னால் யார் இருந்தார்கள்?

ஏறினார். ஆணை விரும்பும் ஆணைத் தண்டிக்கும் சட்டத்தை நீக்குங்கள் என்று ஆரம்பித்தார். ஒரு பக்கம் “நிறுத்து! நிறுத்து!” மறுபக்கம் “பேச விடு!” ஒரே கூச்சல். கடைசியில் தலைமை வகித்தவர் என்ன சொன்னார் தெரியுமா? மீதியை லத்தீனில் பேசுங்கள் என்றார்.

லத்தீனில்! அடி வாங்கியவன் தாய்மொழியில் அழக்கூடாதாம். சாமானியனுக்குப் புரியாத மொழியில் அழ வேண்டுமாம். உல்ரிக்ஸ் கையிலிருந்த தாளை மேசையில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். படித்தவர்கள் அவை அவருக்குக் கொடுத்த மரியாதை அவ்வளவுதான்.

சரி, எதிரணித் தோழர் சொன்னதற்கு வருகிறேன். “1990 பிப்ரவரியில் கலிபோர்னியாவின் சாண்டா குரூஸ் பல்கலைக்கழக மாநாட்டுக்கு ‘குயர் கோட்பாடு’ என்று பெயர் வைத்தவர் பேராசிரியர் தெரேசா டி லாரேட்டிஸ். பெயர் வைத்தவர்தானே பெற்றவர்?” என்று கேட்டார். நீங்களும் கைதட்டினீர்கள்.

ஐயா, நம் ஊரில் பிள்ளைக்குப் பெயர் வைப்பது யார்? அத்தை! அத்தை மடியில் வைத்துக் காதில் பெயரைச் சொல்வார். அதற்காக அத்தைதான் பெற்றாள் என்று யாராவது சொல்வோமா? அந்தப் பெயராவது அத்தையின் சொந்தச் சொல்லா? நியூயார்க்கில் போராட்டக்காரர்களும் தெருப் பிள்ளைகளும் ‘குயர்’ என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டதைக் கேட்டுத்தான் டி லாரேட்டிஸ் அதை எடுத்துக்கொண்டார் என்று ஆய்வாளர் டேவிட் ஹால்பெரின் எழுதியிருக்கிறார். அதற்கு முன் அது வசைச்சொல். முகத்தில் எறிந்த கல்லை எடுத்து வீட்டுக்கு அஸ்திவாரமாகப் போட்டார்கள். இன்னொன்றும் கேளுங்கள். 1994-இல் டி லாரேட்டிஸே அந்தப் பெயரைக் கைவிட்டார், பதிப்புத் தொழில் அதை உள்ளீடற்றதாக்கிவிட்டது என்று. பெற்றவள் கைவிடுவாளா?

பேராசிரியர்களை நான் குறைத்துப் பேசவில்லை. ‘ஒரே பால் விருப்பம் முன்பு ஒரு செயலாகப் பார்க்கப்பட்டது, 19-ஆம் நூற்றாண்டில்தான் அந்த விருப்பம் கொண்டவர் ஒரு தனி வகை மனிதராக ஆக்கப்பட்டார்’ என்று 1976-இல் பிரெஞ்சுச் சிந்தனையாளர் மிஷெல் பூக்கோ காட்டினார். ஆண் தன்மை, பெண் தன்மை என்பதெல்லாம் திரும்பத் திரும்பச் செய்து நிலைபெறுபவை என்று 1990-இல் ஒரு புத்தகத்தில் அமெரிக்கத் தத்துவ அறிஞர் ஜூடித் பட்லர் சொன்னார். “பொம்பளப் பிள்ளை, காலை ஒடுக்கி உட்காரு” என்று ஆயிரம் முறை கேட்டு வளர்ந்த பெண்களுக்கு அது உடனே புரியும். ‘இயல்பு’ என்று எதைச் சொல்கிறீர்கள், அதை யார் முடிவு செய்தார்கள்? குயர் கோட்பாடு கேட்பது இந்தக் கேள்வியைத்தான். ஆனால் பட்லரின் அந்தப் புத்தகத்துக்கு 21 வருடம் முன்பே, 1969 ஜூன் 28 விடியலில், ஒரே பால் விருப்பம் கொண்டவர்கள் கூடும் நியூயார்க்கின் ஸ்டோன்வால் மதுக்கூடத்துக்குள் போலீஸ் புகுந்தபோது அங்கிருந்தவர்கள் எதிர்த்து நின்று அதே கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். லத்தீனில் கேட்கவில்லை.

மணி அடிக்கிறீர்கள், தெரிகிறது. ஒரே நிமிடம்.

1987 அக்டோபர் 11. ஆணை விரும்பும் ஆண்களின் உயிரை எய்ட்ஸ் கொத்துக் கொத்தாக எடுத்த காலம். வாஷிங்டனில், நாடாளுமன்றக் கட்டடத்துக்கு எதிர்ப் புல்வெளியில் ஒரு போர்வையை விரித்தார்கள். எய்ட்ஸில் இறந்தவர்களின் நினைவாக 1,920 துணிகளைச் சேர்த்துத் தைத்த போர்வை. ஒவ்வொன்றும் மூன்றடிக்கு ஆறடி. ஒரு புதைகுழியின் அளவு. நண்பர்கள் தைத்தார்கள், துணைவர்கள் தைத்தார்கள், பெற்ற தாய்மாரும் தைத்தார்கள். பிள்ளை போட்ட சட்டையை, படுத்த தலையணை உறையை வெட்டி வைத்துத் தைத்த அம்மாக்களை நினைத்துப் பாருங்கள். பழைய சேலைகளை அடுக்கிப் போர்வை தைக்கும் வீட்டில் வளர்ந்தவன் நான். ஒவ்வொரு தையலுக்கும் அம்மாவின் விரல் எத்தனை முறை குத்துப்படும் என்று பார்த்திருக்கிறேன்.

அந்தப் புல்வெளியில், இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக, எல்லோருக்கும் கேட்கும்படி வாசித்தார்கள். வணக்கம்.