அடுப்படிக்கும் ஆலயத்துக்கும் நடுவே ஒரு காதல் நாவல்

வானொலி நேயர்கள் அனைவருக்கும் அன்பு வணக்கம்.

டிசம்பர் மாதம் பாளையங்கோட்டையில் எப்படி இருக்கும் என்று இந்தப் பக்கத்து நேயர்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை. மாதம் பிறந்ததும் வீட்டு முகப்பில் நட்சத்திரம் ஏறிவிடும். வெள்ளையடிக்க ஆள் சொல்ல வேண்டும்; அதற்கு மழையும் கொஞ்சம் விட்டுக்கொடுக்க வேண்டும். தைக்கக் கொடுத்த துணி பண்டிகைக்குள் கைக்கு வருமா என்ற கவலை ஒரு பக்கம். பிள்ளைகளுக்கு அரையாண்டுத் தேர்வு. ஆசிரியர் வீடென்றால் விடைத்தாள் கட்டும் சேர்ந்து வந்துவிடும். வீடு வீடாகக் கிறிஸ்துமஸ் பாட்டுப் பாடிக் கேரல் ரவுண்ட்ஸ் வருகிறவர்களுக்கு நடுராத்திரியில் காபி போட வேண்டும். அச்சுமுறுக்கு சுட வேண்டும், முந்திரிக்கொத்துக்குப் பயறு வறுத்துத் திரிக்க வேண்டும். பாடகர் குழுவில் இருப்பவர்கள் பயிற்சிக்கு ஓட வேண்டும். இவ்வளவும் பெரும்பாலும் யார் தலையில் விழுகிறது என்பதும் உங்களுக்குத் தெரியும்.

இப்படிப்பட்ட மாதத்தில் ஒரு நாவல் படியுங்கள், அதிலும் ஒரு காதல் நாவல் படியுங்கள் என்று சொல்லத்தான் இன்றைக்கு வந்திருக்கிறேன். எங்கள் தெருவில் ஒரு பெண்மணியிடம் இதைச் சொன்னபோது, "நேரம் ஏது டீச்சர்? அதுவும் இந்த மாசத்துலயா காதல் கதை?" என்று கேட்டார். அந்த இரண்டு கேள்விகளும் நியாயமானவை. இரண்டாவது கேள்விக்கே முதலில் வருகிறேன், அதுதான் கனமானது.

நான் சொல்கிற நாவல் எது என்று முதலில் விளக்கிவிட வேண்டும். ஆங்கிலத்தில் 'இன்ஸ்பிரேஷனல் ரொமான்ஸ்' என்று ஒரு தனி வகை இருக்கிறது. காதலும் இறைநம்பிக்கையும் ஒரே கதையில் பின்னி வரும். அமெரிக்காவில் ஏதோ ஒரு சிற்றூர். கணவனை இழந்து கைக்குழந்தையோடு நிற்கிற ஒரு பெண், அல்லது மூடப்போகிற ஒரு கடையை இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கிற ஒரு பெண். ஊரைவிட்டுப் போய் வருடக்கணக்கில் திரும்பாதிருந்த ஒருவன் நவம்பர் கடைசியில் வந்து சேருகிறான். கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு ஆராதனைக்குள் அவர்கள் கதை ஒரு கரைக்கு வர வேண்டும். தொடுதல் என்று பார்த்தால் கைகோப்பதும் ஒரு முத்தமும்தான், அதற்கு மேல் போகாது. அவள் மனமும் அவன் மனமும் இணைந்துவிட்டால் மட்டும் போதாது. ஏதோ ஒரு இழப்பில் கடவுளோடு பேசுவதை நிறுத்திவிட்ட ஒருவர் மறுபடியும் பேசத் தொடங்க வேண்டும். இந்த வகைக்கு அதுதான் இலக்கணம்.

இதை வளர்த்தெடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில். 1865இல் நியூயார்க் மாநிலத்தில் பிறந்தவர். போதகராக இருந்த கணவர் 1899இல் இறந்துபோனார். கையில் இரண்டு சிறு பெண்பிள்ளைகள். எழுத்துதான் அந்த வீட்டுக்குச் சோறு போட்டது. 1947இல் அவர் மறையும்வரை நூறு புத்தகங்களுக்கு மேல் எழுதினார். முடிக்காமல் விட்டுப்போன கடைசி நாவலை மகள் ரூத் எழுதி முடித்தார். இந்தக் கதைகளில் ஏன் இத்தனை கைம்பெண்கள், ஏன் இத்தனை வாடகை பாக்கி, ஏன் இத்தனை முறை கதாநாயகி முழங்காலில் நிற்கிறாள் என்பதற்கு அந்தத் தாயின் வாழ்க்கையில் பதில் இருக்கிறது என்று நான் நினைக்கிறேன். பிறகு 1979இல் கனடாவைச் சேர்ந்த ஜேனட் ஓக் எழுத வந்தார். 1997இல் காதல் நாவல்களுக்குப் பேர்போன ஹார்லெக்வின் பதிப்பக நிறுவனம் இதற்கென்றே தனி வரிசை தொடங்கியது. அதற்கப்புறம் ஒவ்வொரு ஆண்டும் பண்டிகை நாவல்கள் கடைகளில் குவிகின்றன.

சரி, இந்தப் புனிதமான மாதத்தில் காதல் கதை படிக்கலாமா?

வேதாகமத்தையே திறந்து பார்ப்போம். ரூத்தின் புத்தகம் மொத்தம் நான்கே அதிகாரம். மோவாப் தேசத்துப் பெண், கணவன் செத்துப்போய்விட்டான். மாமியார் நகோமி பிறந்த மண்ணுக்குத் திரும்பப் புறப்படுகிறாள். நீ உன் தாய்வீட்டுக்குப் போ என்று மருமகளை அனுப்பப் பார்க்கிறாள். "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்று ரூத் கூடவே நடக்கிறாள். இருவரும் ஊர்வந்து சேரும்போது வாற்கோதுமை அறுப்புத் தொடங்குகிறது. சாப்பாட்டுக்காக அறுவடைக்காரர் பின்னால் கதிர் பொறுக்கப் போகிற ரூத்தை நிலத்துக்காரர் போவாஸ் பார்க்கிறார். அவர் என்ன செய்கிறார் தெரியுமா? அவள் பொறுக்கிக்கொள்ளட்டும் என்று வேண்டுமென்றே அரிக்கட்டுகளிலிருந்து கொஞ்சம் சிந்திவிடச் சொல்கிறார், யாரும் அவளை அதட்டக்கூடாது என்கிறார். மத்தியானச் சாப்பாட்டில் தன் கையால் வறுத்த கோதுமையை எடுத்துக்கொடுக்கிறார். ஏழைப் பெண்ணின் மானத்துக்குக் குறை வராமல் அவளுக்கு உதவத் தெரிந்த மனிதர் அவர். ஒரு காதல் நாவலாசிரியருக்கு இதைவிட நல்ல காட்சி கிடைக்காது.

அந்த வயல் எங்கே இருந்தது? பெத்லகேமில். போவாஸ் ரூத்தை மணந்துகொண்டார். அவர்களுக்குப் பிறந்தவன் ஓபேத், அவன் மகன் ஈசாய், ஈசாயின் மகன் தாவீது. மத்தேயு சுவிசேஷத்தின் முதல் அதிகாரத்தில் வருகிற இயேசுவின் வம்ச வரலாற்றில் ரூத்தின் பெயர் இருக்கிறது. ஆண்கள் பெயராகவே அடுக்கிக்கொண்டு போகிற அந்தப் பட்டியலில் இந்த அயல்தேசத்துக் கைம்பெண்ணுக்கு இடம் கிடைத்திருக்கிறது. அதே அதிகாரத்தில்தான் யோசேப்பு வருகிறார். தனக்கு நியமிக்கப்பட்ட பெண் கர்ப்பவதி என்று தெரிந்து, அவளை ஊரார் முன் அவமானப்படுத்த மனமில்லாமல், இரகசியமாக விலகிவிட நினைத்தவர் அவர். கிறிஸ்துமஸ் கதைக்குள்ளேயே ஒரு ஆணின் கலங்கிய மனசு இருக்கிறது. நாம் குடிலில் அவரை ஒரு ஓரத்தில் நிறுத்திவைத்துவிட்டு அதைப் பற்றி யோசிப்பதே இல்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சார்லஸ் டிக்கன்ஸின் 'எ கிறிஸ்துமஸ் கேரல்' 1843 டிசம்பர் 19 அன்று லண்டனில் வெளிவந்தது. ஆறே வாரத்தில் எழுதிய புத்தகம். விலை ஐந்து ஷில்லிங். கிறிஸ்துமஸுக்கு முந்தின நாளுக்குள் 6,000 பிரதிகளும் விற்றுத் தீர்ந்தன. கருமி ஸ்க்ரூஜைப் பற்றிய கதை என்று நம்மில் பலருக்குப் பள்ளிக்கூடத்திலேயே பழக்கம். ஆனால் அந்தக் கதையின் நடுவில் பெல் என்று ஒரு பெண் வருகிறாள். இளமையில் ஸ்க்ரூஜுக்கு நிச்சயித்த பெண். என் இடத்தில் இப்போது பணம் வந்து உட்கார்ந்துவிட்டது என்பதை உணர்ந்து, அழுதுகொண்டே அவனுக்கு விடுதலை கொடுத்துவிட்டுப் போகிறாள். கதை முடிவில் ஸ்க்ரூஜுக்கு எல்லாம் திரும்பக் கிடைக்கிறது. மருமகன் வீட்டு விருந்து, குமாஸ்தாவின் நட்பு, குமாஸ்தாவின் நொண்டிப் பையனின் அன்பு எல்லாம் கிடைக்கிறது. பெல் மட்டும் கிடைக்கவில்லை. இன்றைய கிறிஸ்துமஸ் காதல் நாவல்களில் மறுபடி மறுபடி ஒருவன் ஊர் திரும்பி, பழைய காதலியின் வாசலில் வந்து நிற்கிறானே, அவனைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ஸ்க்ரூஜின் ஞாபகம்தான் வரும். அவன் இழந்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும் என்று எழுத்தாளர்கள் இத்தனை காலமாக முயன்றுகொண்டிருக்கிறார்களோ என்னவோ.

இப்போது நேரம் ஏது என்ற முதல் கேள்வி.

கிறிஸ்துமஸுக்கு முன் நான்கு ஞாயிறுகளோடு வருகிற காத்திருப்புக் காலம்தான் அட்வெந்து. அது 22 நாளுக்குக் குறையாது, 28 நாளுக்கு மேல் போகாது. முதல் அட்வெந்து ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் எந்த நாளிலும் வரலாம் என்பதால் இந்த ஏற்ற இறக்கம். நான் சொல்கிற நாவல்கள் பொதுவாகச் சிறியவை. சுமார் 55,000 சொற்கள், இருபது அதிகாரத்தை ஒட்டி இருக்கும். ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம், அரை மணி நேரம். பயிற்சிக்குப் போகிற பேருந்தில் முடியும். பிசைந்த மாவு ஊறுகிற நேரத்தில் முடியும். தயவுசெய்து ஒரே ராத்திரியில் உட்கார்ந்து முடித்துவிடாதீர்கள். முடித்துவிட்டால் இதன் பலன் போய்விடும்.

ஏன் அப்படிச் சொல்கிறேன் என்றால், முடிவு முன்பே தெரிந்த கதையில் என்ன சுவை இருக்கிறது என்று இந்த நாவல்களைப் பற்றிக் கேட்பவர்கள் உண்டு. அவர்கள் சேர்ந்துவிடுவார்கள் என்பது அட்டையைப் பார்த்தாலே தெரியும். தெரிந்துகொண்டேதான் படிக்கிறோம். எட்டாம் அதிகாரத்தில் ஒரு தவறான புரிதலில் அவர்கள் பிரியும்போது, தெரிந்திருந்தும் மனசு பதைக்கிறது. பதினைந்தாம் அதிகாரத்தில் அவள் எழுதிய கடிதம் அவன் கைக்குப் போகவில்லை என்றால், தெரிந்திருந்தும் தூக்கம் வருவதில்லை. திருச்சபை நான்கு ஞாயிறுகளில் செய்வதும் இதைத்தானே? குழந்தை பிறக்கும் என்று நமக்குத் தெரியும். மேய்ப்பர்கள் வருவார்கள், கிழக்கிலிருந்து சாஸ்திரிகள் வருவார்கள், எல்லாம் தெரியும். இருந்தாலும் ஒன்றும் தெரியாதவர்களைப் போல இருட்டில் மெழுகுவர்த்தியை ஒவ்வொன்றாக ஏற்றிக் காத்திருக்கிறோம். அந்தக் காத்திருப்புதான் இந்தக் காலத்தின் உயிர். அதை நாம் தொலைத்துக்கொண்டிருக்கிறோம். மாவு திரித்தாயிற்றா, துணி வந்தாயிற்றா, கேக்குக்குச் சொல்லியாயிற்றா என்று மாதம் முழுக்க முடித்தாயிற்றா, முடித்தாயிற்றா என்பதே பேச்சு. எதற்காகவும் காத்திருக்க நமக்கு நேரமில்லை. ஒரு நாளைக்கு ஒரு அதிகாரம் என்று மூடிவைத்துவிட்டு, நாளைக்கு என்ன ஆகுமோ என்று அடுப்படியில் நின்றபடி நினைத்துப் பார்க்கிற பெண் காத்திருக்கிறாள். அவளுக்கு அட்வெந்து நடந்துகொண்டிருக்கிறது.

வீட்டில் கண் மங்கிய மாமியாரோ தகப்பனாரோ இருந்தால் அவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். ஆங்கிலமானால் அன்றைய அதிகாரத்தைத் தமிழில் கதையாகச் சொல்லுங்கள். ஐஸ்லாந்து நாட்டில் கிறிஸ்துமஸுக்கு முந்தின மாலையில் ஒருவருக்கொருவர் புத்தகம் பரிசளித்து, அன்றிரவே படிக்க உட்காருவார்கள். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் மற்றப் பொருள்களின் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு இருந்தபோது காகிதம் மட்டும் ஓரளவு தாராளமாகக் கிடைத்தது. அப்படி வேரூன்றிய வழக்கம் அது. தட்டுப்பாட்டில் பிறந்த வழக்கம் என்பதால் எனக்கு அதன்மேல் தனிப் பிரியம்.

எல்லாப் புத்தகமும் நல்லது என்று சொல்லமாட்டேன். பனி பெய்ததும் எல்லாப் பிரச்சினையும் தீர்ந்துவிடுகிற கதைகள் ஏராளம். ஜெபித்த மூன்றாம் பக்கத்தில் பணம் வந்துவிடும். அந்த ஊரில் ஏழைகள் நன்கொடை வாங்குவதற்காக மட்டும் வருவார்கள். அப்படிப்பட்ட நாவலை மூடிவைத்துவிடுங்கள், அது ஜெபத்தையும் மதிக்கவில்லை, ஏழையையும் மதிக்கவில்லை. கேட்டது கிடைக்காமல், கேளாத ஒன்று கிடைத்து, அதை ஏற்றுக்கொள்ளக் கதாநாயகி திணறுகிற நாவலைத் தேடுங்கள். மேலைநாட்டுச் சபைகள் பலவற்றில், ஆண்டின் மிக நீண்ட இரவாகிய டிசம்பர் 21ஐ ஒட்டி, துக்கத்தில் இருப்பவர்களுக்கென்றே ஒரு ஆராதனை வைக்கிறார்கள். அந்த வருஷம் யாரையோ இழந்தவர்கள் சிரிக்க வேண்டிய கட்டாயமின்றி வந்து உட்காரலாம். நல்ல கிறிஸ்துமஸ் நாவலும் அந்த இடத்தைக் கொடுக்கும். உங்கள் வீட்டில் இந்த வருஷம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறதென்றால், கைம்பெண் அழுகிற கதையை எடுங்கள். அவளோடு சேர்ந்து அழலாம், யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

எனக்கு ஒரு பெரிய ஆசை உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். பாளையங்கோட்டையில் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று ஊரார் சொல்கிற கிளாரிந்தா ஆலயம் 1785இல் கட்டியது. கட்டிய கிளாரிந்தா தஞ்சாவூரில் மராட்டியப் பிராமணக் குடும்பத்துக் கைம்பெண். லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்து, அவரோடு பாளையங்கோட்டைக்கு வந்தார். திருமணமில்லாமல் சேர்ந்து வாழ்கிறார்கள் என்பதால் மிஷனரி சுவார்ட்ஸ் ஐயர் முதலில் ஞானஸ்நானம் கொடுக்க மறுத்துவிட்டார். லிட்டில்டன் இறந்தபின், 1778இல்தான் கொடுத்தார். இவ்வளவு காதலும் இவ்வளவு விசுவாசமும் ஒரே பெண்ணின் வாழ்க்கையில் நம் தெருவிலேயே நடந்திருக்கிறது. அதை நாவலாக 1915இல் எழுதிய அ. மாதவையாவும் ஆங்கிலத்தில்தான் எழுதினார்.

தமிழிலேயே பிறந்த ஒரு கிறிஸ்துமஸ் காதல் நாவல் வேண்டும். பனி வேண்டாம், டிசம்பர் மழை இருக்கிறது. பாடகர் குழுவில் ஆல்ட்டோ என்ற தாழ்ந்த பெண்குரலில் பாடுகிற ஒரு இளம் கைம்பெண். வளைகுடாவிலிருந்து வேலை முடிந்து ஊர் திரும்பிய ஒருவன். கேரல் ரவுண்ட்ஸில் பெட்ரோமாக்ஸ் விளக்குத் தூக்கிய நாளிலிருந்தே அவளை அறிந்தவன். ஒரே கோயிலில் ஒரே பாத்திரத்தில் திருவிருந்து எடுத்துவிட்டு, கல்யாணம் என்றதும் சாதி கேட்கிற உறவினர்களும் அந்த நாவலில் வர வேண்டும். அவர்கள் வராவிட்டால் அது நம் ஊர்க் கதையாக இருக்காது. அந்தக் கைம்பெண்ணின் மாமியார் நகோமியைப் போல மருமகள் பக்கம் நிற்பாளா, மாட்டாளா என்பதை எழுதுகிறவர் முடிவு செய்யட்டும்.

கேட்டுக்கொண்டிருக்கிற இளைய எழுத்தாளர்களே, அடுத்த அக்டோபருக்குள் முடித்து அச்சுக்குக் கொடுத்தால் அட்வெந்துக்குப் புத்தகம் எங்கள் கையில் இருக்கும். டிக்கன்ஸுக்கு ஆறு வாரம் போதுமாயிருந்தது. உங்களுக்கு இன்னும் பத்து மாதம் இருக்கிறது.

நன்றி, வணக்கம்.