மென்பொருளைத் திறக்கும் முன்: ஒரு நடுத்தூணின் சுமைக்கணக்கு (இறுதியாண்டு ஸ்ட்ரக்சுரல் புராஜெக்ட்)

[திரையில்: தூண்களின் தள வரைபடம். நடுத்தூண் மட்டும் சிவப்பில்]

பாளையங்கோட்டையில் ஒரு மாணவர் விடுதி. தரைத்தளம், மேலே இரண்டு மாடி. இறுதியாண்டு புராஜெக்டுக்கு இதை எடுத்திருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். மென்பொருள் பிறகு. முதலில் நடுத்தூண் ஒன்றுக்கு எவ்வளவு சுமை வருகிறது என்று காகிதத்தில் போடுவோம்.

தூண்களுக்கு இடையே ஒருபுறம் 4 மீட்டர், மறுபுறம் 5. ஆக இந்தத் தூண் தாங்கும் பரப்பு 20 சதுர மீட்டர். ஸ்லாப் 150 மில்லிமீட்டர் கனம் என்றால் சதுர மீட்டருக்கு 3.75 கிலோநியூட்டன். தளப்பூச்சும் டைல்ஸும் 1. ஆட்கள், சாமான்களுக்காக அறைக்கு ஐ.எஸ். 875 (சுமைகளுக்கான இந்தியத் தரநிலை) இரண்டாம் பகுதி சொல்லும் சுமை 2. கூட்டினால் 6.75, இருபதால் பெருக்க 135 கிலோநியூட்டன்.

[திரையில்: பீம் மேல் செங்கல் சுவர் எழும்புகிறது]

இனி சுவர். பலரும் கோட்டைவிடுவது இங்கேதான். ஒன்பது இஞ்ச் செங்கல் சுவர், இருபக்கப் பூச்சு, 2.55 மீட்டர் உயரம்: மீட்டருக்குச் சுமார் 13 கிலோநியூட்டன். இந்தத் தூணுக்கு வரும் 9 மீட்டர் சுவருக்கு 117. ஸ்லாப் சுமையை நெருங்கிவிட்டது, பாருங்கள்! பீம், தூண் எடையும் சேர, மாடி ஒன்றுக்கு 274.

மொட்டை மாடியில் சுவர் இல்லை. தட்டோட்டுத் தளத்துக்கு 2, ஆள் நடமாட்டத்துக்கு 1.5. இந்த 1.5 என்பது 15 சென்டிமீட்டர் தண்ணீரின் எடைதான். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. வேப்பஞ்சருகு குழாயை அடைத்துக்கொண்டால் கைப்பிடிச் சுவருக்குள் தண்ணீர் ஏறிக்கொண்டே போகும். அதனால் வடிகுழாய் ஒன்றோடு நிறுத்தாதீர்கள். அவை அடைத்தாலும் தண்ணீர் வழிந்து வெளியேற, கைப்பிடிச் சுவரில் தளத்துக்கு 10 சென்டிமீட்டர் மேலே துளைகள் விட்டு, அதை வரைபடத்திலும் காட்டுங்கள்.

ஸ்லாப், பீம், தூண் எடையும் சேர மொட்டை மாடிக்கு 167, இரண்டு மாடிக்கு 548, பிளிந்த் பீமும் (தரைமட்டத்தில் தூண்களை இணைப்பது) அதன் மேல் சுவரும் 132. மொத்தம் ஏறக்குறைய 850 கிலோநியூட்டன். தூண் டிசைனுக்குப் பாதுகாப்புக் காரணியான ஒன்றரையால் பெருக்கினால் 1,275.

[திரையில்: 230-க்கு 450 தூணின் குறுக்குவெட்டு]

சுவருக்குள் மறையட்டும் என்று நம்மூரில் தூணை 230 மில்லிமீட்டர் அகலத்தில் போடுவார்கள். நேர்ச்சுமைக்கான எளிய சூத்திரம் இதற்குச் செல்லாது. ஐ.எஸ். 456 (கான்கிரீட் தரநிலை) படி, சுமை தூணின் மையத்திலிருந்து தள்ளி விழும் குறைந்தபட்ச விலகல் 20 மில்லிமீட்டர். அது பக்க அளவில் இருபதில் ஒரு பங்கைத் தாண்டினால் வளைவுத் திருப்புமையும் (பெண்டிங் மொமென்ட்) சேர்த்தே டிசைன் செய்ய வேண்டும். 400-க்குக் குறைந்த எந்தப் பக்கமும் இதில் மாட்டும். அதற்கான எஸ்.பி. 16 டிசைன் கையேட்டின் வரைபடங்களை எடுங்கள். நிலநடுக்க மண்டலமும் முக்கியம்: நிலநடுக்கத் தரநிலையான ஐ.எஸ். 1893 (2016) பட்டியலில் மதுரை மண்டலம் 2, திருவனந்தபுரம் 3. நாம் இரண்டுக்கும் நடுவே இருக்கிறோம். உங்கள் மனை எதில் விழுகிறது என்று வரைபடத்தில் பாருங்கள். மூன்று என்றால் நிலநடுக்கத்துக்கான கம்பி விவரங்களைச் சொல்லும் ஐ.எஸ். 13920 வந்துவிடும், 230 தூண் கூடாது, 300-ஆவது வேண்டும்.

அஸ்திவாரத்துக்கு, அதன் சொந்த எடைக்காக 850-உடன் பத்து சதவீதம் கூட்டி 935. மண்ணின் தாங்குதிறன் சதுர மீட்டருக்கு 200 கிலோநியூட்டன் என்றால் 2.2 மீட்டர் சதுரம் போதும். 100 என்றால் 3.1 மீட்டர், நான்கு மீட்டர் இடைவெளியில் பக்கத்து அஸ்திவாரத்துக்கு 90 சென்டிமீட்டர்தான் மிச்சம். மண் ரிப்போர்ட் இல்லாமல் 200 என்று எழுதிவிடாதீர்கள். கோவில்பட்டிப் பக்கக் கரிசலில் தாங்குதிறனோடு பிரச்சினை முடியாது. மழையில் உப்பி, கோடையில் வெடிக்கிற மண் அது. அங்கே அண்டர்-ரீம்டு பைல் (அடியில் குமிழாக அகன்ற பைல்) போட்டு, பைல்களை இணைக்கும் கிரேடு பீமுக்கு அடியில் மண் படாமல் இடைவெளி விட வேண்டும்.

[திரையில்: மென்பொருளின் ரியாக்ஷன் அட்டவணை]

இப்போது மாடலைத் திறக்கலாம். பீம்கள் தொடர்ச்சியாக இருப்பதால் தனித்தூண் கணக்கு சற்றே மாறும். மொத்தக் கட்டடத்தின் ரியாக்ஷன் (அடித்தளம் தாங்கும் எதிர்விசை) கூட்டுத்தொகை மட்டும் கைக்கணக்கோடு ஒத்துப்போயே ஆக வேண்டும். நடுத்தூணில் 850 வர வேண்டிய இடத்தில் 500 வந்தால், சுவர்ச் சுமையைக் கொடுக்கவில்லை. 1,075 வந்தால், செல்ஃப் வெயிட் (மென்பொருளே கணக்கிடும் சொந்த எடை) கொடுத்த பிறகு ஸ்லாப் எடையை மறுபடி ஃப்ளோர் லோடிலும் சேர்த்திருக்கிறீர்கள்.