அம்மியை நகர்த்துற ஷமீமா அலி

எல்லாருக்கும் வணக்கம். தலைவர் ஐயாவுக்கும், லீவு போட்டுட்டு வந்திருக்க தலைமையாசிரியை அம்மாவுக்கும், நம்ம வார்டு கவுன்சிலர் அக்காவுக்கும், பொன்னாடைக்கு பதிலா துண்டு போட்ட செயலாளர் அண்ணனுக்கும் (குளிக்க உதவும், நன்றி), மைக் செட் தம்பிக்கும் வணக்கம். போன தடவை தம்பி பேரை விட்டுட்டேன், பாதியில மைக் ஆஃப் ஆயிடுச்சு, தற்செயல்னுதான் இன்னைக்கும் சொல்றார்.

பிஜி நாட்டுல பொம்பளைங்க மேல விழற அடியை எதிர்த்து நின்ன ஷமீமா அலியைப் பத்தி மூணு விஷயம் பேசறேன்னு சொல்லிருக்கேன். சம்பிரதாயம், சட்டம், காசு.

பிஜி, பசிபிக் கடல்ல 300 தீவுக்கு மேல இருக்க நாடு. 1879ல இருந்து 1916 வரைக்கும் வெள்ளைக்காரன் கரும்புத் தோட்டத்துக்கு நம்ம ஆளுங்கள கப்பல்ல ஏத்தினான், 1903ல இருந்து மெட்ராஸ்ல இருந்தும் ஏத்தினான். அவன் வச்சிருந்த கணக்கு 100 ஆம்பளைக்கு 40 பொம்பளை. தோட்டக் கூலிங்க தங்கின அந்த லைன் வீடுங்கள்ல பொம்பளைங்க பட்ட பாட்டை நான் சொல்லணுமா? அந்த நாட்டுல, இந்திய வம்சாவளியில வந்தவங்கதான் ஷமீமா அலி.

1984ல தலைநகர் சுவாவுல, வன்முறைக்கு ஆளான பொம்பளைங்களுக்கு உதவ பிஜி விமன்ஸ் க்ரைசிஸ் சென்டர்னு ஒண்ணு ஆரம்பிச்சாங்க. 80கள்லயே இந்தம்மா அதுக்குள்ள வந்தாங்க, பொறுப்பை எடுத்தாங்க, அதுக்கப்புறம் வாழ்க்கையே அதுதான். நடுவுல ராணுவம் எத்தனை தடவை ஆட்சியைப் பிடிச்சுது, இவங்க வாய் மூடல. என்னைத் தெரிஞ்சவங்களுக்கு நான் அடிக்கடி சொல்ற பழமொழி தெரியும், அடிமேல் அடிச்சா அம்மியும் நகரும்.

சம்பிரதாயத்துக்கு வரேன். அங்க புலுபுலுன்னு ஒரு வழக்கம். தப்பு பண்ணவன் வீட்டு ஆளுங்க தம்புவான்னு சொல்ற திமிங்கலப் பல்லை எடுத்துட்டுப் போய் மன்னிப்பு கேப்பாங்க, எதிர்வீட்டுப் பெரியவங்க அதை கையில வாங்கிட்டா விவகாரம் முடிஞ்சுது. நிலத் தகராறுக்கு அருமையான ஏற்பாடுங்க, நான் குறை சொல்ல மாட்டேன். ஆனா பலாத்கார கேஸுக்கும் இதையே பண்ணி, கோர்ட்டுல "சமாதானம் ஆயாச்சு"ன்னு சொல்லி தண்டனையைக் குறைச்சுக்கிட்டாங்க. பல்லை வாங்கினது அப்பாவும் பெரியப்பாவும், அடி வாங்கினது அவ. அவகிட்ட யாரு கேட்டா? இதைத்தான் அந்த சென்டர் திரும்பத் திரும்பக் கேட்டுச்சு.

இங்க ஒரு கதை சொல்லியே ஆகணும், சின்னதுதான். நான் சின்னப் பையனா இருந்தப்ப எங்க தெருவுல ஒருத்தர், ராத்திரி ஒன்பது மணியானா பொண்டாட்டிய அடிப்பார், சத்தம் கேக்கக்கூடாதுன்னு ரேடியோவ கூட்டி வைப்பார். தெருவே கதவைச் சாத்திக்கும், எங்க வீடும் சேத்துதான். எதிர்வீட்டு ஆயா ஒருநாள் தாம்பாளத்தையும் கரண்டியையும் எடுத்துட்டு வந்து அவர் திண்ணையில உக்காந்து டங் டங்னு அடிக்க ஆரம்பிச்சுது. அவர் வெளிய வந்து "என்ன ஆயா இது?"ன்னா, "நீ உள்ள அடிக்கிற, நான் வெளிய அடிக்கிறேன், நிறுத்துனா சேந்து நிறுத்துவோம்"னுச்சு. தூக்கம் கெட்டு தெருவே கூடிடுச்சு, ஐஸ்காரர்னு நெனச்சு பசங்க வேற சில்லறையோட ஓடி வந்துட்டோம். இப்படி பதினோரு நாளு. பன்னெண்டாம் நாள் ரேடியோ சத்தமும் இல்ல, ஒண்ணும் இல்ல. தாம்பாளம்தான் ஒடுங்கிப் போச்சு. அடிமேல் அடி!

சரி, சட்டம். 1995ல அங்க போலீஸ் நோ டிராப்னு ஒரு விதி கொண்டு வந்தாங்க, வீட்டுல அடிச்சதா புகார் வந்தா "பேசித் தீத்துக்கோங்க"ன்னு கேஸை மூடக்கூடாது. காகிதத்துல வந்தது ஸ்டேஷனுக்கு வந்து சேரலங்கறது வேற விஷயம், அதான் போலீஸ்காரங்களுக்கே இவங்க வகுப்பு எடுத்தாங்க. 2009ல குடும்ப வன்முறைக்குன்னே தனிச் சட்டம் வந்துச்சு. சென்டரே ஒரு சர்வே எடுத்து 2013ல வெளியிட்டாங்க, கல்யாணமோ துணையோ கண்ட பொண்ணுங்கள்ல 100க்கு 64 பேர் புருஷன்கிட்டயோ துணைகிட்டயோ அடியோ பாலியல் கொடுமையோ பட்டவங்க. கப்பல் கணக்கு 40, வீட்டுக் கணக்கு 64. பொறுமையா எண்ணி வெச்சதாலதான் இன்னைக்கு யாரும் மறுக்க முடியல.

காசு பத்தி... தலைவர் ஐயா வாட்ச் பாக்கறார். விட்டுடறேன்.

நான் உண்மையில வந்தது இதுக்குத்தான். வீட்டுல அடி வாங்கறவங்க உதவிக்குக் கூப்பிட பிஜில 1560னு ஒரு ஹெல்ப்லைன் இருக்கு. நமக்கு பெண்கள் உதவிக்கு 181. இங்க எத்தனை பேருக்குத் தெரியும், கை தூக்குங்க... நாலு பேர், அதுல ஒருத்தர் மைக் தம்பி. ரேஷன் கடைச் சுவத்துல இந்த நம்பரை பெயிண்ட்ல எழுதுங்கன்னு மூணு வருஷமா மனு குடுக்கறேன், எந்த ஆபீஸ்னு சொல்ல மாட்டேன், "சுவர் எங்களுது இல்ல"ங்கறாங்க. பெயிண்ட் டப்பா நான் வாங்கித் தரேன். கவுன்சிலர் அக்கா, உங்களை வெச்சுக்கிட்டுதான் சொல்றேன். டீ டேபிள்ல கையெழுத்து பேப்பர் இருக்கு, வடை எடுக்கறவங்க ஒரு கையெழுத்து போட்டுட்டு எடுங்க.