எது உண்மையான மிசௌரி?

வணக்கம் மக்களே! காத்து பலமா அடிக்குது, குரல் சரியா கேக்கலைன்னா பொறுத்துக்குங்க. அமெரிக்காவோட மொன்டானா மாநிலத்துல லோமாங்கிற சின்ன ஊர் பக்கத்துல ஒரு மேட்டு மேல நிக்கிறேன். கேமராவைத் திருப்புறேன், கீழ பாருங்க. வடக்க இருந்து மரியாஸ் ஆறு வந்து மிசௌரி ஆத்துல கலக்குது. இந்த இடத்தைப் பாக்கணும்னு எனக்கு ரொம்ப வருஷ ஆசை.

1805 ஜூன் 2-ம் தேதி மேற்கே வழி தேடிப் போன லூயிஸ், கிளார்க்ங்கிற ரெண்டு தலைவர்களோட பயணக் கூட்டம் இங்க வந்து படகைக் கரை சேத்துச்சு. மிசௌரியோட தலை வரைக்கும் ஏறிப் போய், மலையைத் தாண்டி, கொலம்பியா ஆத்துல இறங்கி பசிபிக் கடலைப் பிடிக்கணும். அப்போ அமெரிக்க ஜனாதிபதியா இருந்த ஜெபர்சன் அனுப்பினது அதுக்குத்தான். ஆனா இங்க வந்தா ரெண்டு ஆறு! தப்பான ஆத்துல ஏறிட்டா அந்த வருஷக் கோடை மொத்தமும் போச்சு. மலையில பனி விழுந்துடும்.

வடக்கு ஆறு ஒரே கலங்கல். அதுவரைக்கும் அவங்க வந்த மிசௌரி மாதிரியே வெளிறின பழுப்பு நிறம். அதனால ஆளுங்க எல்லாருமே வடக்குதான் மிசௌரின்னு சொல்லிட்டாங்க. ஆறே வாழ்க்கையா இருந்த படகோட்டி க்ரூசாட்டும் அதையேதான் சொன்னார். லூயிஸும் கிளார்க்கும் மட்டும் தெக்கு ஆறுன்னு நின்னாங்க. அளந்து பாத்தா தெக்கு 372 கஜம் அகலம், வடக்கு 200 கஜம். தெக்குல தண்ணி தெளிஞ்சு ஓடுது, அடியில வழவழன்னு உருண்டைக் கல்லு. மலையில இருந்து வர்ற ஆறுதான் அப்படி இருக்கும். வடக்கு ஆறு சமவெளி மண்ணுலயே ரொம்ப தூரம் ஓடி வந்திருக்கணும், அதான் அந்தக் கலங்கல். என்ன அழகான யோசனை பாருங்க!

அப்பவும் அவசரப்படலை. லூயிஸ் வடக்க ஏறிப் பாத்தார், கிளார்க் தெக்க போனார். இதுல நான் பெரிசா நினைக்கிறது ஹிடாட்சாங்கிற பூர்வகுடி மக்கள் சொன்ன அடையாளத்தை. மிசௌரியில பெரிய அருவி வரும்னு குளிர்காலத்துலயே அவங்க சொல்லியிருந்தாங்க. வரைபடமே இல்லாத இடத்துல அந்த வாய்வார்த்தைதான் வரைபடம்.

ஜூன் 13. தெக்கு ஆத்தோரமா நடந்து போன லூயிஸுக்கு முதல்ல தண்ணி விழுற சத்தம் கேக்குது. அப்புறம் சமவெளிக்கு மேல புகை மாதிரி சாரல் எழும்புது. அருவிதான்!

ஒண்ணு இல்ல, அஞ்சு அருவி. படகுக்குச் சக்கரம் கட்டி 18 மைல் தரையில இழுத்தாங்க, காலெல்லாம் கள்ளி முள்ளு. நாளைக்கு அங்க போறேன், அந்தக் கதையை அங்க நின்னே சொல்றேன்.